தலைப்பட்டை வாங்குவதற்கு முன் அப்பாவின் குரலைப் பதிவுசெய்யுங்கள்

கேள்வி: ஏ.எல்.எஸ். என்னும் இயக்க நரம்பணு நோயால் என் தந்தைக்குப் பேச்சு குழறுகிறது. கைகளும் வலுவிழந்து வருகின்றன. மூளை அலைகளைக் கணினிக்கு அனுப்பும் தலைப்பட்டை ஒன்று இணையத்தில் விற்கிறது. அதை வாங்கினால் அவர் நினைப்பது திரையில் தெரியுமா?

பதில்: தெரியாது. அந்தப் பணத்தை இப்போதைக்கு அதில் போட வேண்டாம்.

மண்டையோட்டைத் தாண்டித் தலைத்தோலுக்கு வந்து சேரும் மூளை மின்னலைகள் சில பத்து மைக்ரோவோல்ட் அளவே இருக்கும். பல்லைக் கடித்தாலோ இமைத்தாலோ எழும் மின்சாரம் அதைவிடப் பெரிது என்பதால், திரையில் துள்ளும் அலையை உடனே மூளையுடையது என்று நம்பிவிட முடியாது. இந்த அலைகளைக் கொண்டு எழுதும் முறையை ஃபார்வெல், டான்சின் என்னும் இரு ஆய்வாளர்கள் 1988-இல் காட்டினர். 36 கட்டங்களில் எழுத்துகள் வரிசை வரிசையாக மின்னும். வேண்டிய எழுத்து மின்னியபின் ஏறத்தாழ 300 மில்லிநொடியில் அலையில் ஒரு சிறு மேடு எழும். (தமிழின் 12 உயிரும் 18 மெய்யும் அதில் அடங்கி, 6 கட்டங்கள் மிஞ்சும்!) ஆனால் ஒரே எழுத்தைப் பலமுறை மின்னவிட்டே கணினி உறுதிசெய்ய வேண்டியிருப்பதால், நிமிடத்திற்குச் சில எழுத்துகளே தேறும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட முடிவு வேறு வகையைச் சேர்ந்தது. ஏ.எல்.எஸ். நோயாளி ஒருவரின் மூளையில் அறுவை சிகிச்சை செய்து பதித்த 256 மின்முனைகள், அவர் பேச முயலும்போது எழும் குறிகைகளைப் பிடித்து, 97 விழுக்காடு வரை சரியாகச் சொற்களாக்கின. அதுவும் நினைப்பைப் படிப்பதன்று. பேசும் முயற்சியைப் படிப்பது. இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது, கடையில் கிடைக்காது.

அந்தக் கருவி நோயாளியின் பழைய குரலிலேயே பேசியது, நோய்க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் கைவசம் இருந்ததால். ஆகவே இந்த வாரமே அமைதியான அறையில், களைப்பில்லாத காலை நேரத்தில், அப்பாவின் குரலைக் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். பழைய கல்யாண வீடியோக்களையும் தேடி எடுத்து வையுங்கள்.

இந்நோயில் கண்ணசைவு பெரும்பாலும் கடைசி வரை தாங்கும். எனவே கண்பார்வையைத் தொடரும் கேமரா பொருத்திய கணினியைப் பற்றிப் பேச்சுச் சிகிச்சையாளரிடம் கேளுங்கள். அது வரும்வரை, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் உயிரும் மெய்யுமான அந்த 30 எழுத்துகளையும் இடைவெளி விட்டு எழுதி, இருவர் முகங்களுக்கும் நடுவே பிடியுங்கள். ‘நீ’ என்று சொல்ல அவர் முதலில் ‘ந்’ பக்கமும் பிறகு ‘ஈ’ பக்கமும் பார்ப்பார். நீங்கள் வாய்விட்டுச் சொல்ல, சரியென்றால் ஒருமுறை இமைப்பார். கையில் இன்னும் கொஞ்சம் வலு இருக்கும்போதே இதைப் பழக்கிவிடுங்கள்.