லாபத்தில் பாதி மதுரையிலிருந்து வருகிறது

"தொழிலில் லாபத்தை உண்டாக்குவது தயாரிப்பவரா, வாங்குபவரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேரும் சேர்ந்துதான் என்பேன். பாம்பனில் அம்மா நெத்திலிக் கருவாடு போடுகிறார், கணக்கு எழுதுவது நான். அதை வைத்தே சொல்கிறேன்.

நாலு கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கருவாடுதான் நிற்கும். முன்பெல்லாம் கடற்கரை மணலிலேயே பரப்பிக் காயவைப்போம். மதுரையிலிருந்து மாதாமாதம் வாங்கும் ஒரு அம்மா ஒருநாள் போனில், "மண்ணு நறநறங்குது தாயி. நாலு தண்ணி அலசுனா ருசியே போயிருது. மண்ணில்லாம குடு, கிலோவுக்கு நாப்பது ரூவா கூடத் தர்றேன்" என்றார்.

அம்மா கம்பு ஊன்றி, இடுப்பு உயரத்தில் பழைய வலையை இழுத்துக் கட்டி அதன்மேல் பரப்பினார். கீழேயிருந்தும் காற்று ஏறியதால் சீக்கிரமே காய்ந்தது. நாய்த் தொல்லையும் விட்டது. கம்புக்கும் கயிற்றுக்கும் ஆன செலவு முதல் மாதத்திலேயே திரும்பிவிட்டது. பந்தல் போட்டது அம்மாதான், சரி. ஆனால் எது குறை, அது தீர்ந்தால் எவ்வளவு கொடுக்கலாம் என்று தெரிந்திருந்தது மதுரையம்மாவுக்கு. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த நாற்பது ரூபாய் எங்குமே பிறந்திருக்காது.

அதற்கும் முன்னால் ஒரு வியாபாரி, "லேசா ஈரம் இருக்கும்போதே கட்டுங்க, எடை நிக்கும்" என்றார். கேட்டோம். கருவாடு பூஞ்சை பிடித்தது, வாங்கியவர்கள் திரும்பி வரவேயில்லை. அந்த வாரம் கூடுதலாக வந்த பணத்தை லாபம் என்று எழுத எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை. அவர்கள் இழந்தது எங்கள் கைக்கு வந்தது, அவ்வளவுதான்.

அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, பச்சை மீன் விலை ஏறும், கருவாட்டைத் தேடுவார்கள். மதுரையம்மா மார்ச்சிலேயே தன் தெருவில் பத்து வீட்டுக்கும் சேர்த்து முன்பணம் அனுப்பிவிடுகிறார். அதைக் கொண்டு ரொக்கத்துக்கு மீன் எடுக்கிறோம். வட்டிக்கு வாங்க வேண்டியதில்லை. மிச்சமாகும் வட்டியில் பாதியை அவர்களுக்கு விலையில் குறைக்கிறோம்.

இந்த வருடம் தலை கிள்ளிய நெத்திலி கேட்டிருக்கிறார். கிள்ளும் கூலியை எப்படிப் பகிர்வது என்று அம்மாவும் அவரும் இரண்டு நாளாகப் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.