ராணுவத்தில் பாதிரியாருக்கு என்ன வேலை?

பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய குமரி மாவட்ட வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது.

வீரர்களோடே தங்கி, ஜெபம், திருப்பலி, அடக்கச் சடங்கு எல்லாம் நடத்தும் குருவானவர்தான் ராணுவ பாதிரியார். நம் தரைப்படையில் இந்துக்களுக்குப் பண்டிட், சீக்கியர்களுக்குக் கிரந்தி, முஸ்லிம்களுக்கு மௌல்வி போல இவரும் சமய ஆசிரியர்; நாயிப் சுபேதார் என்ற இளநிலை அதிகாரி பதவியில் சேர்கிறார்.

ஏன் தேவை? எல்லையில் நிற்பவர் ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கோயிலுக்கு வர முடியாது, சரி. அதைவிட, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் இறந்துபோன ராத்திரி, உத்தரவு போடாத ஒருவரிடம் அழ வேண்டியிருக்கும். அழுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவருடைய பெரிய வேலை என்பேன்.

2017 ஒக்கிப் புயலின்போது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக் கரைகளை நினைத்துப் பாருங்கள். பங்குத்தந்தை வலை வீசுகிறவர் அல்ல. ஆனால் கரை திரும்பாதவர்களின் பெயர்களை வீடு வீடாகக் கேட்டு எழுதியது யார்? அப்புறம் அந்த வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது யார்? படையிலும் அதே வேலைதான்.

பலர் நினைப்பதுபோல அவர் சண்டைக்காரர் அல்ல: 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி, எதிரியிடம் பிடிபட்டாலும் மதகுரு போர்க்கைதியாகக் கருதப்பட மாட்டார், கைதான வீரர்களுக்கு ஊழியம் செய்ய மட்டுமே அவரை வைத்துக்கொள்ளலாம்.