ஏழு வயசு மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். வீட்டு வேலை பழக்கலாமா, இல்ல பாவம்னு விட்டுறலாமா?

அந்தப் "பாவம்"ங்கிற சொல்லைப் பார்த்துதான் எழுத உட்கார்ந்தேன். என் தம்பிக்கும் டவுன் சிண்ட்ரோம்தான். அவனை எங்க லயமே, அதான் தோட்டத்து வரிசை வீட்டுச் சனம் எல்லாம், பாவம் பாவம்னு சொல்லி, பத்து வயசு வரைக்கும் ஒரு சட்டையைக்கூட அவனாப் போட விடல. விடாத ஆளுங்கள்ல நானும் ஒருத்தி.

நீங்க கண்டியிலயோ கொழும்புலயோ இருப்பீங்க, வீட்டுல பார்த்துக்க ஆளும் இருக்கும். எங்களுக்கு நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். 10க்கு 12 அடியில ஒரு காம்பரா (அறை), முன்னால இஸ்தோப்பு (திண்ணை), அவ்வளவுதான். ரொட்டி சுட்டு, எங்களைக் கிளப்பி, காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பிரட்டுக்கு நேரத்துக்குப் போய் நிக்கணும் அம்மா. தம்பி ஒரு கையைச் சட்டைக்குள்ள விட அஞ்சு நிமிஷம் எடுப்பான். அந்த அஞ்சு நிமிஷம் யார்கிட்ட இருந்துச்சு? நான் இழுத்து மாட்டிவிட்டுட்டு ஓடுவேன். அவனால முடியலன்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம்.

அம்மாவுக்கு இன்னொரு பாரமும் இருந்துச்சு. மாசமா இருக்கும்போது கிரகணத்துல வெளிய போனதாலதான் பிள்ளை இப்படின்னு தண்ணி புடிக்கிற பீலியடியில பேச்சு. 21ஆம் குரோமோசோம் ரெண்டுக்குப் பதிலா மூணு இருக்கிறதுதான் காரணம்னு 1959லயே கண்டுபிடிச்சுட்டாங்க. அதை அம்மாகிட்ட யாரும் உட்கார வச்சுச் சொல்லல. தன் குத்தம்னு நினைச்சே அவனுக்கு வாயில ஊட்டுச்சு.

மாத்தினது எங்க அப்பாயி, அப்பாவோட அம்மா. முட்டிவலியால மலைக்குக் கொழுந்து பறிக்கப் போறதை நிப்பாட்டி வீட்டோட இருந்துச்சு. தம்பியும் வீட்டோட, ஏன்னா பள்ளிக்கூடத்துல "நீங்களே வச்சுக்குங்க"ன்னு அனுப்பிட்டாங்க. அந்தக் கதையைத் தொடங்கினா இந்தப் பதில் முடியாது.

அப்பாயி ஸ்வெட்டரைத் தலைவழியா விட்டு, ரெண்டு கையையும் நுழைச்சு, வயித்துக்குக் கீழ இழுக்கிற கடைசி இழுப்பை மட்டும் அவன்கிட்ட விட்டுச்சு. "இழுடா ராசா." ஒரு மாசம் முழுக்க அதுமட்டும்தான். பிறகு ஒரு கை, பிறகு மத்தக் கை, கடைசியாத்தான் தலை. முடிவுலேருந்து பின்னோக்கிப் பழக்குற இதே முறையைத்தான் தெரப்பியிலயும் சொல்லிக்குடுக்கிறாங்கன்னு கிளினிக்குல கேட்டப்ப எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஒவ்வொரு தடவையும் வேலையை முடிக்கிற ஆள் பிள்ளைதான், அதுல இருக்கு சூட்சுமம்.

அடுத்தது ரொட்டி மா. இந்தப் பிள்ளைகளுக்குத் தசை தளர்வு, விரலும் குட்டை. பிசையப் பிசையக் கைக்கு வேலைன்னு நாங்க நினைச்சோம். முதல் வாரம் பாதி மா தரையில. அம்மா கத்துச்சு, மா விக்கிற விலைக்குக் கத்தாம என்ன செய்யும்?

வாயால சொன்னா தம்பி பாதியிலயே மறந்துருவான். செஞ்சு காட்டினா புடிச்சுக்குவான். பேச்சுதான் பிந்தும், விளங்குறது அதை விட அதிகம்.

"கிழவி நோயாளிப் பிள்ளையை வேலை வாங்குது"ன்னு அப்பவே சொன்னாங்க, இங்கயும் யாராவது வந்து சொல்லுவீங்க. விறகு சுமக்கவா சொல்றேன்? சொல்லப்போனா தலைச்சுமை கூடவே கூடாது. இவங்கள்ல சிலருக்குக் கழுத்தோட மேல்மூட்டு தளர்வா இருக்கும். தண்ணிக்குடம், தலையில மாட்டுற கொழுந்துக் கூடைக் கயிறு எதுவும் வேணாம். கிட்டத்தட்ட பாதிப்பேருக்குப் பிறவியிலயே இதயக் கோளாறும் இருக்கும், அதனால டொக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தொடங்குங்க. நான் டொக்டர் இல்ல, அக்கா மட்டும்தான்.

தம்பிக்கு இப்ப இருபத்திரண்டு. நான் லீவுல போனா சாயத்தண்ணி அவன்தான் கொண்டாருவான். சீனி மூணு கரண்டி, குறைக்கச் சொன்னா அன்னைக்கு முழுக்கப் பேசமாட்டான். பொத்தான் இன்னும் அவனுக்கு மல்லுக்கட்டுதான். மகளுக்கு ஸ்வெட்டர் வாங்குறப்ப கழுத்து அகலமா பார்த்து வாங்குங்க, பாவாடைக்கு இலாஸ்டிக் போதும்.