மூன்று பிரதி, பன்னிரண்டு பேர்

கேள்வி: எங்கள் வாசகசாலையில் பன்னிரண்டு பேர் மாதம் ஒரு நாவல் பேசுகிறோம். பரிசுப் பட்டியலில் வந்ததையே எடுப்போம். மூன்று பிரதி வாங்கிச் சுற்றுக்கு விடுகிறோம். முடித்துவிட்டு வருபவர் இரண்டு மூன்று பேர்தான். பேச்சும் ‘பரிசு கிடைக்குமா’ என்பதிலேயே போய்விடுகிறது. இவர்களுக்கு அக்கறை இல்லையா?
— ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம், கேரளம்)

பதில்: அக்கறை இருக்கிறது, புத்தகம்தான் இல்லை. பன்னிரண்டு பேருக்கு மூன்று பிரதி என்றால் நான்கு சுற்று. வேலைக்குப் போய்வருகிறவருக்கு 300 பக்க நாவல் முடிக்க இரண்டு வாரமாவது வேண்டும். ஆக எட்டு வாரம். நீங்களோ நாலாவது வாரமே கூட்டம் போடுகிறீர்கள்; பாதிப் பேர் அட்டையைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆறு பிரதி வாங்குங்கள், இல்லையேல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுங்கள்.

பட்டியலைத் துரத்துவது எதற்கு? ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட நூல்களுக்கான சர்வதேச புக்கர் பரிசின் குறும்பட்டியலில் ஆறு நூல்கள். முடிவு வர ஏறக்குறைய ஆறு வாரம். அது நடுவர்களின் அவசரம், உங்களுடையதல்ல. பெருமாள்முருகனின் ‘ஆளண்டாப் பட்சி’ தமிழில் வந்தது 2012இல். ஜனனி கண்ணனின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு, இந்தியப் புனைவுக்கான ஜேசிபி பரிசு கிடைத்தது 2023இல். பட்டியலுக்குக் காத்திருந்த தமிழ் வாசகர் பதினோரு ஆண்டு பிந்தினார்!

உங்கள் பக்கம் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்தவர்கள் உண்டு. இரு மொழியிலும் கிடைக்கிற நாவலாக எடுங்கள். ஆனால் ‘120ஆம் பக்கம்’ என்றால் ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள்; அத்தியாய எண்ணைச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் கதைச்சுருக்கம் கூடவே கூடாது. படிக்காதவர் அதைப் பிடித்துக்கொண்டே அரை மணி நேரம் பேசிவிடுவார். ஒரு பக்கத்துக்கு மிகாத இரண்டு பகுதிகளை முன்னதாகவே குறித்து வைத்து, உரக்க வாசித்துத் தொடங்குங்கள். முதலில் நாவல் பிடிக்காதவர் பேசட்டும். புகழ்கிறவர் முந்திக்கொண்டால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டு எழுந்துபோவார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் இருந்தால் (எந்த வாசகசாலையில்தான் இல்லை?) அவரைக் கடைசியில் பேசச் சொல்லுங்கள். சிறப்பு விருந்தினர், பொன்னாடை என்று கிளம்பினால் அன்றைக்கு நாவல் போச்சு. பாதி படித்தவரை வரவேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். முதல் அரை மணி நேரம் பாதிக் கதைவரை மட்டும் பேசினால் அவரும் வாய் திறப்பார்.

பரிசுப் பேச்சை உங்களால் தடுக்க முடியாது. சாயா வந்த பிறகு பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.