முதல் முறை சானாவுக்குச் செல்லும் முன்

வணக்கம். பின்லாந்தின் தாம்பரே நகரில் அலுவலக நண்பர்களுடன் முதன்முறையாகச் சானா என்னும் வெப்ப நீராவிக் குளியல் அறைக்குச் செல்லவிருப்பதாகவும், இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்வதால் மயக்கம் வருமோ என அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தடையில்லை. ஆயினும் வெப்பத்தில் இரத்த நாளங்கள் விரிந்து அழுத்தம் இறங்கும் என்பதாலும், சில மாத்திரைகள் அந்த இறக்கத்தைக் கூட்டும் என்பதாலும், முன்னதாக மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உள்ளே பெரும்பாலும் 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் இருக்கும். மேல்படி தகிக்கும்போதும் கீழ்ப்படி தாங்கக்கூடியதாக இருக்குமாதலால், குளித்துவிட்டு நுழைந்து அங்கேயே துண்டை விரித்து அமருங்கள். சங்கிலி, மோதிரம், வெள்ளி அரைஞாண் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள், உலோகம் சுடும். யாரேனும் அடுப்புக் கற்கள்மீது நீர் ஊற்றினால் எழும் ஆவி முதலில் காதுமடலைத்தான் பதம்பார்க்கும். தலையைத் தாழ்த்திக்கொண்டால் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். முதல் முறைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். தலை லேசாகச் சுற்றினாலும், நண்பர்கள் என்ன நினைப்பார்களோ என்று தயங்காமல், மெதுவாக எழுந்து வெளியே வந்து தண்ணீர் குடியுங்கள். பீர் நீட்டப்படும், மறுத்துவிடுங்கள். குளிர்ந்த ஏரியில் குதிப்பது அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றும் என்பதால், அதுவும் உங்களுக்கு இப்போது வேண்டாம்.