கரண்ட் கடிகாரத்துல பேட்டரி மிஷின் மாட்டலாமா?

அண்ணே வணக்கம். ரங்கூன் இன்செய்ன்ல இருந்து எழுதுறேன். தாத்தா வாங்கின ஸ்மித்ஸ் செக்ட்ரிக் சுவர் கடிகாரம் வீட்ல இருக்கு, கரண்ட்ல ஓடுறது. ஜெனரேட்டர் போட்டா வேகமா ஓடுது, கரண்ட் போயிட்டு வந்தா நின்னே கிடக்குது, ஓடினாலும் கரகரன்னு சத்தம். ஸ்டெபிலைசர் போட்டும் பார்த்தாச்சு. கடைக்காரர் உள்ள இருக்கிறதை கழட்டி எறிஞ்சிட்டு பேட்டரி மிஷின் மாட்டிடலாம்ங்கிறார். மாட்டிடவா?
– வாசகர், இன்செய்ன்

தம்பி,

தயவுசெஞ்சு மாட்டாதீங்க. நீங்க எழுதினதுல பாதி கடிகாரத்தோட கோளாறே இல்லை, கரண்டோட கோளாறு.

உள்ள இருக்கிறது சிங்க்ரனஸ் மோட்டார். லைன்ல வர்ற ஏசி கரண்ட் செகண்டுக்கு 50 தடவை முன்னும் பின்னுமா ஆடுதே (அதைத்தான் 50 ஹெர்ட்ஸ்ங்கிறது), அந்த ஹெர்ட்ஸுக்கு தக்கபடிதான் அது சுத்தும், வோல்டேஜ் 230ல இருந்து 210க்கு இறங்கினாலும் நேரம் மாறாது, ரொம்ப இறங்கினா நின்னு போகும் அவ்வளவுதான். ஸ்டெபிலைசர் வோல்டேஜை மட்டும்தான் பார்த்துக்கும், ஹெர்ட்ஸை தொடாது, அதான் பலன் இல்லை. சாதா ஜெனரேட்டர்ல எஞ்சின் சுத்துற வேகம்தான் ஹெர்ட்ஸ். ரெண்டு லைட்டு ஒரு ஃபேன்னு லோடு கம்மியா ஓடுறப்ப 52 வரைக்கும் போயிடும், அப்படி போனா மணிக்கு கிட்டத்தட்ட ரெண்டரை நிமிஷம் முந்தும், லோடு ஏறி 49க்கு இறங்கினா மணிக்கு 72 செகண்ட் பிந்தும். கடிகாரம் தனக்கு வந்த கரண்டை ஒழுங்காத்தான் எண்ணியிருக்கு. நல்ல சைன்வேவ் இன்வெர்ட்டர் இருந்தா அதுல போடுங்க, அது பேட்டரில ஓடுறப்ப 50 ஹெர்ட்ஸ் பெருசா பிசகாம வரும்.

கரண்ட் போயிட்டு வந்தும் நின்னே கிடக்குறது இந்த பழைய மாடல் நிறையதுல வழக்கமே. தானா கிளம்பாது, பின்னாடி இருக்கிற குமிழை சுத்தி விடணும். நின்னு கிடந்தா கரண்ட் போயிருக்குன்னு தெரியும், தானா கிளம்பிட்டா தப்பு நேரத்தை காட்டிட்டே ஓடும்.

இனி நிஜமான வேலை. முதல்ல பிளக்கை கழட்டுங்க, சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது. வயரை பாருங்க. அந்த காலத்து ரப்பர் வயர் காய்ஞ்சு, மடக்கினா பொடிப்பொடியா உதிரும், இந்த ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் கேக்கவே வேணாம். எவ்வளவு அழகா இருந்தாலும் மாத்திடுங்க, இதுல மட்டும் பழசு மேல பாசம் வேணாம். வெளிக்கூடு உலோகமா இருந்தா எர்த் சேர்த்த மூணு கம்பி வயர் போடுங்க, சின்ன ஃபியூஸும் இருக்கட்டும்.

கரகர சத்தம் பெரும்பாலும் எண்ணெய் காய்ஞ்சதால. பழைய பிசுக்கை துடைச்சு எடுத்துட்டு, கடிகார எண்ணெயை ஊசி முனையில தொட்டு அச்சு நிக்குற துவாரத்துல மட்டும் வைங்க. தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் கிட்டயே வரக்கூடாது, பிசினாயிடும். சக்கரத்துப் பல்லுலயும் வேணாம், தூசிதான் சேரும்.

பேட்டரி மிஷின் மாட்டினா நேரம் சரியா காட்டும், நான் இல்லைங்கல. ஆனா இதுல செகண்ட் முள்ளு இருந்தா அது விட்டு விட்டு குதிக்காம வழுக்கிட்டே போகும், டிக் டிக் சத்தமும் கிடையாது, அதுக்காகவே இதை காப்பாத்தணும். கழட்டி எறிஞ்ச மோட்டாருக்கு மாத்து தேடுறது ரொம்ப கஷ்டம்.

சுத்தி விட்டும் அசையவே இல்லைன்னா பிளக்கை கழட்டிட்டு மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு காயிலை, அதாவது மோட்டாரோட கம்பிச் சுருளை பாருங்க. எதாவது ஓம்ஸ் கணக்கு வந்தா கம்பி அறுகலை, ஓப்பன்னு காட்டினா உள்ள அறுந்திருக்கு, மோட்டார் காயில் சுத்துறவங்ககிட்ட கொடுத்து கேக்கணும். மீட்டர் என்ன சொல்லுதுன்னு எழுதுங்க.