மாத்திரை இல்லை, படுக்கை இல்லை: பெங்களூரு முன்னாள் படைவீரர்களின் இ.சி.எச்.எஸ். கேள்விகள்

இராணுவ மருத்துவப் பிரிவில் சுபேதாராக ஓய்வுபெற்று அல்சூரில் குடியிருக்கிறேன். இ.சி.எச்.எஸ். எனும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் பற்றி நம் மக்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, தெரிந்த அளவில் இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: முப்பதாயிரம் ரூபாய் கட்டிச் சேர்ந்தேன் ஐயா. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் எழுதும் மாத்திரைகளில் பாதி "இல்லை" என்கிறார்கள். இதற்குத்தானா பணம் கட்டினேன்? (ஹவில்தார், ராமமூர்த்தி நகர்)

பதில்: கோபம் நியாயமானது. ஆனால் மருந்து கொடுக்கும் ஜன்னலில் நிற்கும் பெண்ணிடம் அதைக் காட்டிப் பயனில்லை. பாலிகிளினிக், அதாவது இத்திட்டத்தின் வெளிநோயாளர் மருத்துவமனை, தானாக மருந்து வாங்குவதில்லை. தேவைப்பட்டியல் இராணுவ மருத்துவமனை வழியாகப் போய், கொள்முதல் முடிந்து, சரக்கு வந்து சேர வேண்டும். நடுவில் ஒரு கோப்பு தூங்கினால் உங்கள் மாத்திரையும் தூங்கும்.

"இல்லை" என்பதை வாய்வார்த்தையாக வாங்கிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். சீட்டில் அந்த மருந்துக்கு நேராக "என்.ஏ." (கையிருப்பில் இல்லை) என்று எழுதி, தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஒப்பந்த மருந்துக்கடை மூலம் வரவழைக்க முடியுமா என்று பொறுப்பு அதிகாரியிடம் கேளுங்கள். வெளியில்தான் வாங்க வேண்டும் என்றால் எத்தனை நாள் மருந்துக்கு அனுமதி என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். இஷ்டத்துக்கு மூன்று மாத மருந்தை வாங்கிவந்து பில்லை நீட்டினால் அது திரும்பித்தான் வரும்.

இன்னொன்று. போன மாதம் ஒருவர் டெல்மிசார்டன் 40 என்ற இரத்த அழுத்த மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது பச்சை அட்டை, என்னுடையது நீலம்" என்று ஜன்னல் மூடும்வரை சண்டை போட்டார். கம்பெனி மாறினால் அட்டையின் நிறமும் மாறத்தான் செய்யும். மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி. இ.சி.எச்.எஸ். ஒப்பந்தப் பட்டியலில் இல்லாத பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்குத்தான் ஓட முடிந்தது. பணம் கட்டிவிட்டோம். திரும்பக் கிடைக்குமா? (நாயக் ஒருவரின் மகள், விவேக் நகர்)

பதில்: கிடைக்கும், ஆனால் முழுதும் கிடைக்காது. மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் விலைப்பட்டியல்தான் நமக்கும்; அது எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவுதான் கணக்கு. மிச்சம் உங்கள் கையைக் கடிக்கும்.

பட்டியலில் இல்லாத இடத்தில் சேர்த்தால், 48 மணி நேரத்துக்குள் அருகில் உள்ள பாலிகிளினிக்குக்குத் தெரிவிக்க வேண்டும். நோயாளியோடு இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் இது தோன்றாது, அதனால் வெளியூரில் இருக்கும் அண்ணன் தம்பி யாரிடமாவது இந்த ஒரு வேலையை ஒப்படைத்துவிடுங்கள். தொலைபேசியில் சொன்னாலும் மின்னஞ்சல் ஒன்று கட்டாயம் போகட்டும்.

அடுத்து, டிஸ்சார்ஜ் சம்மரி. "நெஞ்சுவலியால் அனுமதி" என்று ஒற்றை வரி இருந்தால் போதாது. வந்தபோது இரத்த அழுத்தம் எவ்வளவு, இ.சி.ஜி. என்ன காட்டியது, ஏன் உடனே சேர்க்க வேண்டியிருந்தது என்று மருத்துவர் எழுத வேண்டும். அவசரநிலைச் சான்று தனியாக வாங்குங்கள். வீட்டுக்கு வந்த பிறகு இவற்றைக் கேட்டு அலைவது பெரும்பாடு.

பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணம் காட்டிக் கோரிக்கையைத் தள்ளினால் விடாதீர்கள். சிவகாந்த் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல், பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்பதற்காக மட்டும் செலவை மறுக்கக் கூடாது என்றது. அது சி.ஜி.எச்.எஸ். பயனாளியின் வழக்கு என்றாலும் மேல்முறையீட்டுக் கடிதத்தில் தாராளமாகக் குறிப்பிடலாம்.

கேள்வி: பாலிகிளினிக் எழுதிக்கொடுத்த ரெஃபரல் சீட்டோடு பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போனால் "இ.சி.எச்.எஸ். படுக்கை காலியில்லை" என்கிறார்கள். பணம் கட்டுகிறேன் என்றால் உடனே படுக்கை முளைக்கிறது. (சுபேதார், ஜாலஹள்ளி)

பதில்: முளைக்காமல் என்ன செய்யும்! மருத்துவமனைகளுக்குத் தர 2014-இல் வைத்த விலைகள் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் அப்படியே கிடந்தன. 2025 அக்டோபரில்தான் சி.ஜி.எச்.எஸ். கட்டணங்கள் பெரிய அளவில் திருத்தப்பட்டன. பில் பணம் தாமதமாக வருகிறது என்பது மருத்துவமனைகளின் பழைய புலம்பல். அதில் உண்மை இருக்கிறது. அதற்காகத் தண்டனை நமக்கா? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள்.

"இடமில்லை" என்பதை எழுதிக் கேளுங்கள். தர மாட்டார்கள். அப்போது நாள், நேரம், பேசியவரின் பதவி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு இ.சி.எச்.எஸ். மண்டல மையத்துக்கு எழுதுங்கள். பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரிக்கு நகல். அசையவில்லை என்றால் மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார். உங்கள் பதவிக்கு இருவர் அறை உரிமை உண்டு. பொது வார்டைக் கொடுத்துச் சமாளிக்கவும் விடாதீர்கள்.

கேள்வி: என் அம்மாவையும் சேர்க்கலாமா அண்ணா? (லான்ஸ் நாயக், கே.ஆர்.புரம்)

பதில்: உங்களைச் சார்ந்து வாழ்பவராக இருந்து, மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குள் இருந்தால் சேர்க்கலாம் தம்பி.

கேள்வி: ஒவ்வொரு முறையும் புது டாக்டர். பழைய கதையை முதலில் இருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

பதில்: பாலிகிளினிக் மருத்துவர்கள் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். வேறு வேலை கிடைத்தால் போய்விடுகிறார்கள். மருந்து, அளவு, கடைசிப் பரிசோதனை முடிவு மூன்றையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

கேள்வி: 1998-இல் ஓய்வுபெற்றேன். இத்தனை புலம்பலையும் கேட்ட பிறகு, திட்டத்தில் சேராதவர்களுக்கு ஓய்வூதியத்தோடு வரும் மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படியே போதும் என்று தோன்றுகிறது. சேர வேண்டுமா? (ஹவில்தார், அல்சூர்)

பதில்: சேருங்கள். 2003 ஏப்ரல் 1-க்கு முன் ஓய்வுபெற்றதால் உங்களுக்கு இது விருப்பம்தான், கட்டாயமில்லை. ஆனால் ஆண்டுக்கு 12,000 ரூபாயை வைத்துக்கொண்டு இந்த ஊரில் ஒரு இதய அடைப்பைச் சமாளிக்க முடியுமா? வரிசையும் முத்திரையும் எரிச்சல்தான். இருந்தாலும் பெரிய நோய் வந்தவர்களை இத்திட்டம் கடனில் விழாமல் காப்பாற்றியதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் மருத்துவப்படியை நிறுத்தச் சொல்லி எழுதிக்கொடுத்து, நிறுத்தியதற்கான சான்றை வாங்குங்கள். அது இல்லாமல் விண்ணப்பம் நகராது.